கவுன்சிலர் பேசினால் கேஸ் போட முடியாதா?

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். திருநெல்வேலிக்காரர், தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய மாமனார் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன மாதம் வார்டு மக்கள் கூட்டத்தில் எழுந்து, தண்ணீர் பில்லில் தப்பு இருக்கிறது, மூன்று முறை எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை என்று சொல்லியிருக்கிறார். மேடையில் இருந்த கவுன்சிலர் மைக்கிலேயே, "மீட்டருக்கு முன்னால் குழாய் இழுத்துத் தண்ணீர் திருடுகிற ஆள் நீங்கள், உங்களுக்கு எதற்குக் கேள்வி?" என்று சொல்லிவிட்டார். பெரியவர் அன்றிலிருந்து கோயிலுக்குக்கூடப் போகவில்லையாம். தம்பி நேரில் போய்க் கேட்டபோது கவுன்சிலர் சொன்ன பதில்: "கவுன்சிலர் பேசினதுக்குக் கேஸ் போட முடியாது. சட்டம் எனக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது."

"அது உண்மையா அண்ணா? எம்.பி.க்களுக்கும் அப்படித்தானா? அப்படியானால் இவர்கள் தப்பு செய்தால் யார்தான் தண்டிப்பது?" இதுதான் கேள்வி.

உண்மை இல்லை, தம்பி. அந்தப் பாதுகாப்பு இருப்பது நிஜம். ஆனால் அது ஆளுக்குக் கொடுத்தது அல்ல, அவைக்குக் கொடுத்தது. மன்றத்துக்குள்ளேயும் அதன் குழுக்களுக்குள்ளேயும் பேசியதற்குத்தான் அது செல்லும். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஐஸ்கிரீம் டப்பாவில் சமோசா வைத்து நடத்துகிற மண்டபக் கூட்டம் மாநகர மன்றம் ஆகாது. கவுன்சிலர் போகிற இடமெல்லாம் அந்தப் பாதுகாப்பும் குடை மாதிரி கூடவே வராது.

நான் டர்பனில் வக்கீல் அலுவலகங்களில் பல வருஷம் வேலை பார்த்தவன். இந்தத் தவறான நம்பிக்கையால் வாயை மூடிக்கொண்டு போன எத்தனையோ பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 'உரிமை மீறல்' என்றால் உங்கள் நினைவுக்கு எது வரும் என்று எனக்குத் தெரியும். 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு கேலிச்சித்திரம் வந்ததற்காக, அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றமே மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. சபாநாயகர் பி.எச். பாண்டியனின் 'வானளாவிய அதிகாரம்' அன்று ஊரெல்லாம் பேச்சு. எதிர்ப்பு கிளம்பியதும் ஆசிரியரைச் சில நாளில் விட்டுவிட்டார்கள். அந்தப் படம் மனதில் இருப்பதால்தான் இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நாம் பயப்படுகிறோம். தென்னாப்பிரிக்காவில் அரசியல் சாசனம்தான் மேலே, நாடாளுமன்றம் அதற்குக் கீழே. அவை தானாக யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. நாடாளுமன்றக் குழுவின் முன் வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்தால் அது குற்றம்தான், இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு. ஆனால் அதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது நீதிமன்றம்.

சாசனத்தின் 58-ஆவது பிரிவுதான் எம்.பி.க்களின் பாதுகாப்பு, சிறப்புரிமை என்பது இதைத்தான். நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய சட்டமன்றத்திலும் அதன் குழுக்களிலும் அவர்களுக்குப் பேச்சுரிமை உண்டு. அங்கே சொன்னதற்காக, அங்கே தாக்கல் செய்ததற்காக, கைது கிடையாது, வழக்குக் கிடையாது, நஷ்டஈடும் கிடையாது. மாகாண சட்டமன்றங்களுக்கு 117-ஆவது பிரிவு இதையே சொல்கிறது.

ஏன் இவ்வளவு தாராளம்? 1997 அக்டோபரில் நடந்ததைச் சொன்னால் புரியும். அப்போது பி.ஏ.சி. கட்சி எம்.பி.யாக இருந்த பட்ரீஷியா டி லில், ஆளும் ஏ.என்.சி.யில் பன்னிரண்டு பேர் நிறவெறி அரசுக்கு உளவு சொன்னவர்கள் என்று அவையில் எழுந்து சொன்னார், சில பெயர்களையும் சொன்னார். வெளியே சொல்லியிருந்தால் அன்றைக்கே வழக்கு வந்திருக்கும். சபாநாயகர் சொன்னதும் வார்த்தைகளைத் திரும்பப் பெற்றார். ஆனாலும் பெரும்பான்மைக் கட்சி விடவில்லை. ஒரு தற்காலிகக் குழு அமைத்து, அவரை 15 நாள் இடைநீக்கம் செய்தது.

டி லில் நீதிமன்றம் போனார். கேப் உயர் நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஜான் ஹ்லோபே. 1999-ல் புளூம்ஃபான்டைனில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சாசனமே பேச்சுரிமை கொடுத்திருக்கும்போது, பேசியதற்குத் தண்டனையாக ஓர் உறுப்பினரை வெளியே நிறுத்த அவைக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் அதன் அடிப்படை. அந்தத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி இஸ்மாயில் முகமது, பிரிட்டோரியாவில் பிறந்த நம் இந்திய வம்சாவளி. நிறவெறிக் காலத்தில் அவர் வக்கீலாக அதே புளூம்ஃபான்டைனுக்கு வாதாடப் போனபோது, அந்த மாகாணத்தில் இந்தியர் ஓர் இரவு தங்கக்கூடச் சட்டம் அனுமதிக்கவில்லை. அதே ஊரில், அதே நீதிமன்றத்தின் தலைவராக உட்கார்ந்து, தனியாக நின்ற ஓர் எம்.பி.யின் வாயைப் பெரும்பான்மை அடைக்கக் கூடாது என்று அவர் எழுதினார். அந்த வழக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

அதில் பெயர் வந்த ஹ்லோபேயின் கதை பிறகு வேறு மாதிரிப் போனது. நீதித்துறை ஒழுக்கக்கேட்டுக்காக 2024 பிப்ரவரியில் தேசிய சட்டமன்றமே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்து அவரை நீதிபதி பதவியிலிருந்து நீக்கியது. அதே ஆண்டில் எம்.கே. கட்சியின் எம்.பி.யாக அதே அவைக்குள் வந்துவிட்டார். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. எம்.பி.யாக இருக்க முடியாதவர்கள் யார் என்று சொல்லும் 47-ஆவது பிரிவில், பதவி நீக்கப்பட்ட நீதிபதியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இது அடைக்க வேண்டிய ஓட்டை என்பதே என் கருத்து.

சரி, தண்டனைக்கு வருவோம். டி லில் வழக்குக்குப் பிறகு, 2004-ல் நாடாளுமன்ற அதிகாரங்கள், சிறப்புரிமைகள் பற்றிய 4-ஆம் எண் சட்டம் வந்தது. அவையை அவமதித்த உறுப்பினருக்கு எச்சரிக்கை, கண்டனம், மன்னிப்புக் கேட்கச் சொல்வது, வசதிகளை நிறுத்துவது, குழுப் பதவிகளைப் பறிப்பது, ஒரு மாதச் சம்பளத்துக்கும் படிகளுக்கும் மேல் போகாத அபராதம், கடைசியாக 30 நாளுக்கு மேல் போகாத இடைநீக்கம் என்று படிப்படியாக அதில் இருக்கிறது. கடைசிப் படிக்குப் போக வேண்டுமானால் குற்றம் கடுமையானதாகவோ திரும்பத் திரும்பச் செய்ததாகவோ இருக்க வேண்டும், மற்றத் தண்டனைகள் போதாது என்றும் ஆக வேண்டும். ஆக, அவை ஓர் எம்.பி.க்குக் கொடுக்கக்கூடிய உச்சத் தண்டனை முப்பதே நாள். அவையால் அவரைப் பதவியிலிருந்து நீக்க முடியாது.

அந்த உச்சத் தண்டனையைச் சமீபத்தில் பார்த்தோம். 2023 பிப்ரவரியில் ஜனாதிபதி ராமபோசா உரையாற்றும்போது எதிர்க்கட்சியான இ.எஃப்.எஃப். எம்.பி.க்கள் மேடை ஏறினார்கள். ஜூலியஸ் மலேமா உட்பட ஆறு பேருக்கு 2024 பிப்ரவரி மாதம் முழுவதும் சம்பளமில்லாத இடைநீக்கம். அதனால் அந்த ஆண்டின் ஜனாதிபதி உரைக்கு அவர்கள் வர முடியவில்லை.

அந்த மேடைச் சம்பவத்துக்கு எட்டு வருஷம் முன்னால், 2015 பிப்ரவரி 12 இரவு, எங்கள் வீட்டுக் கூடத்தில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். அப்போதைய ஜனாதிபதி ஜூமாவிடம், என்கண்ட்லாவில் உள்ள அவருடைய சொந்த வீட்டுக்குச் செலவான பொதுப் பணத்தை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று இ.எஃப்.எஃப். உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட காவலர்கள் உள்ளே வந்து அவர்களை இழுத்துப்போனார்கள். எங்களுக்கு அது சரியாகக்கூடத் தெரியவில்லை. கேமரா சபாநாயகர் முகத்திலேயே நின்றது, சத்தம் மட்டும் கேட்டது. உரை தொடங்குமுன்பே அவைக்குள் கைபேசி சிக்னலையும் தடுத்திருந்தார்கள். என் அம்மாவுக்கு அப்போது எண்பது வயது. "உள்ளே அடிக்கிறாங்களா? ஏன் காட்டமாட்டேங்கிறான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சிக்னலைத் தடுத்ததும், காட்சியை மறைத்ததும் சட்டவிரோதம் என்று 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

அந்த இரவை ஒட்டி இன்னொரு தீர்ப்பும் வந்தது. 2004 சட்டத்தின் 11-ஆவது பிரிவு, அவையில் இடைஞ்சல் செய்யும் 'எவரையும்' சபாநாயகர் உத்தரவின்பேரில் கைது செய்து அகற்றலாம் என்றது. அந்த 'எவரும்' என்பதில் எம்.பி.யும் அடங்குவாரா? அடங்குவார், அதனாலேயே அந்தப் பிரிவு அந்த அளவுக்குச் சாசனத்துக்கு முரண் என்று 2016 மார்ச்சில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்த்தது. அவைக்குள் பேசியதற்காக எம்.பி.யைக் கைது செய்யக் கூடாது என்று சாசனம் சொன்ன பிறகு, இடைஞ்சல் என்ற பெயரில் அதையே செய்ய விட முடியாது. அதனால் அந்தப் பிரிவில் 'உறுப்பினர் தவிர' என்ற சொல்லை நீதிமன்றமே சேர்த்து வாசித்தது. அவை விதிகளின்படி வெளியேற்றலாம், கைது செய்யக் கூடாது. கூச்சல் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் போலீஸைக் கூப்பிட்டு எதிர்க்கட்சியை அடக்கும் அதிகாரம் சபாநாயகர் கையில் இருந்தால், இன்று இவருக்கு, நாளை அவருக்கு என்று அது போய்க்கொண்டே இருக்கும்.

இது எல்லாம் பேச்சு சம்பந்தப்பட்டது. லஞ்சம், மோசடி, திருட்டு என்றால் சிறப்புரிமை கிட்டவே வராது. டோனி யெங்கேனி ஏ.என்.சி.யின் தலைமைக் கொறடாவாக இருந்தவர். அரசு வெளிநாட்டு நிறுவனங்களிடம் ஆயுதம் வாங்கிய ஒப்பந்தம் நடந்த காலத்தில் ஒரு மெர்சிடிஸ் காரைப் பெரிய தள்ளுபடியில் வாங்கி, அதை நாடாளுமன்றத்திடம் மறைத்தார். 2003-ல் மோசடிக் குற்றவாளி ஆனார், நான்கு ஆண்டுச் சிறை. 2006 ஆகஸ்டில் போல்ஸ்மூர் சிறைக்குள் போய், சில மாதத்தில் 2007 ஜனவரியில் வெளியே வந்துவிட்டார். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அவர் சிறைக்குப் போன அன்று வாசலில் கட்சிக்காரர்கள் தோளில் தூக்கி வழியனுப்பினார்கள். அந்தக் கூட்டத்தில் நாடாளுமன்றத்தின் சபாநாயகரும் நின்றார். ஏமாற்றப்பட்டது அதே நாடாளுமன்றம்.

2024 ஏப்ரலில் சபாநாயகராக இருந்த நொசிவிவே மபிசா-என்காகுலாவே பதவி விலகி, ஊழல் குற்றச்சாட்டில் நீதிமன்றத்தில் நின்றார். குற்றம் நிரூபணமானதாக நான் சொல்லவில்லை. சபாநாயகர் நாற்காலிகூடக் கைதைத் தடுக்காது என்பதற்குத்தான் சொல்கிறேன்.

நீதிமன்றம் தண்டித்தாலும் பதவி உடனே போகாது. அபராதம் கட்டித் தப்பிக்கும் வழியில்லாமல் 12 மாதத்துக்கு மேல் சிறைத்தண்டனை விதித்திருக்க வேண்டும், மேல்முறையீடும் முடிந்திருக்க வேண்டும். அப்போதுதான் 47-ஆவது பிரிவின்படி தகுதி போகும். தண்டனை முடிந்து ஐந்து ஆண்டு ஆனபின் திரும்ப வரலாம்.

சிறைக்குப் போகிற அளவுக்கு இல்லாத தவறுகளை இரு அவைகளின் கூட்டு நெறிமுறைக் குழு பார்க்கிறது. யார் வேண்டுமானாலும் அதற்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம், நீங்களும் கொடுக்கலாம். 2013-ல் தகவல் தொடர்பு அமைச்சராக இருந்த டீனா பூலே, தன் துணைவருக்குச் சாதகமாக நடந்துகொண்டதை மறைத்துக் குழுவைத் திசைதிருப்பினார் என்று குழு முடிவு செய்தது. 30 நாள் சம்பளம் அபராதம், 15 நாள் சலுகைகள் நிறுத்தம், அவையில் நிற்கவைத்துச் சபாநாயகர் கண்டனம். எம்.பி. பதவி அப்படியே இருந்தது.

அப்படியானால் ஓர் எம்.பி.யை உண்மையிலேயே வீட்டுக்கு அனுப்பும் கை யாருடையது? கட்சியுடையது. நியமித்த கட்சியின் உறுப்பினர் பதவி போனால் எம்.பி. பதவியும் கூடவே போய்விடும், இதுவும் 47-ஆவது பிரிவுதான். 400 பேரும் கட்சிப் பட்டியல் வழியாக வந்தவர்கள். 2024 தேர்தலில்தான் சுயேச்சைகளுக்குக் கதவு திறந்தது. அவை முழுதும் கூடி விசாரித்தும் 30 நாளுக்கு மேல் போக முடியாத இடத்தில், கட்சி எடுக்கும் ஒரு முடிவு ஒருவரின் அரசியல் வாழ்க்கையையே முடித்துவிடும். திருடியவரைக் கட்சி காப்பாற்றலாம், மனசாட்சிப்படி நின்றவரைத் தூக்கி எறியலாம். சிறப்புரிமை எம்.பி.யை வழக்கிலிருந்து காப்பாற்றுகிறது, சொந்தக் கட்சியிடமிருந்து காப்பாற்றுவதில்லை. இந்த நாட்டின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். 2001-ல் ஆயுத ஒப்பந்தத்துக்காகப் பாதுகாப்பு பட்ஜெட்டை எதிர்த்துத் தன் நிலையைப் பதிவு செய்த ஒரே ஏ.என்.சி. எம்.பி., நம் டர்பன் பெண் பிரெக்ஸ் கோவெண்டர். அடுத்த ஆண்டு அவர் நாடாளுமன்றத்தை விட்டுப் போய்விட்டார். 2017-ல் ஜூமா மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ரகசிய வாக்கெடுப்பாக நடத்தச் சபாநாயகருக்கு அதிகாரம் உண்டு என்று சாசன நீதிமன்றம் சொன்ன பிறகு, 177-க்கு 198 என்று அது தோற்றது. ஆளும் கட்சிக்குள்ளிருந்தே பலர் ஜூமாவை எதிர்த்து வாக்களித்திருந்தார்கள். பெயர் தெரியாது என்றதும் வாய் திறந்தது.

நம் பழையவர்களுக்கு இன்னொரு கசப்பும் நினைவிருக்கும். 1984-ல் நிறவெறி அரசு நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று தனி அவை வைத்தபோது, பதிவு செய்த வாக்காளரில் ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். அந்த அவையின் தலைவர்களில் முக்கியமானவரான அமிச்சந்த் ராஜ்பன்சியை ஜேம்ஸ் விசாரணை ஆணையம் கடுமையாகச் சாடியது, அமைச்சர் குழுத் தலைவர் பதவியும் போனது. ஆனால் 1994-க்குப் பிறகு சாட்ஸ்வொர்த் மக்களே அவரைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள், 2011 டிசம்பரில் இறக்கும்வரை. ஓட்டுப் போடுகிறவர் மன்னிக்கவும் செய்வார், அது அவருடைய உரிமை.

இனி உங்கள் மாமா விஷயம்.

கவுன்சிலர்களின் பேச்சுரிமை 1998-ஆம் ஆண்டு நகராட்சி அமைப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவில் இருக்கிறது. மன்றத்திலும் அதன் குழுக்களிலும் சொன்னதற்குத்தான் அது. அந்தக் கவுன்சிலருக்கு நேர் பதிலாக ஒரு வழக்கே இருக்கிறது: 2006-ல் சாசன நீதிமன்றம் தீர்த்த டிகோகோ எதிர் மொகாட்லா. வடமேற்கு மாகாணத்தில் டிகோகோ என்ற மேயரின் கைபேசிக் கடன் ஏறிப்போனது. அது பற்றி மாகாண சட்டமன்றக் குழு கேட்டபோது, பழியைத் தன் நகராட்சியின் தலைமை அதிகாரி மேல் போட்டார். அதிகாரி வழக்குப் போட்டார். எனக்குச் சிறப்புரிமை உண்டு என்றார் மேயர். அது உன் மன்றமும் இல்லை, உன் சொந்தக் கடனைப் பற்றிப் பேசியது மன்ற வேலையும் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொகையைக் குறைக்கலாம் என்று சில நீதிபதிகள் நினைத்தார்கள், பெரும்பான்மை 110,000 ராண்டை அப்படியே நிலைநிறுத்தியது. பணத்தைவிட மனதார ஒரு மன்னிப்புத்தான் கெட்ட பெயரைத் துடைக்கும் என்று நீதிபதி ஆல்பி சாக்ஸ் அதில் எழுதியதையும் மனதில் வையுங்கள்.

மாகாண சட்டமன்றக் குழுவுக்கே அப்படியென்றால், சாட்ஸ்வொர்த் மண்டபத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனம். சிறப்புரிமை இல்லை என்பதாலேயே வழக்கு ஜெயித்துவிடாது. சொன்னது உண்மை, பொதுநலனுக்காகச் சொன்னேன் என்று அவர் வாதாடலாம். கேட்கும் உரிமை உள்ளவர்களிடம் கடமைக்காகச் சொன்னேன் என்றும் வாதாடலாம், அது கெட்ட எண்ணம் தெரிந்தால் நிற்காது. இவற்றை நிரூபிக்க வேண்டியது அவர். மாமா அவதூறான வார்த்தை நாலு பேர் காதில் விழுந்ததைக் காட்டினால் போதும்.

அதனால் இந்த வாரமே, கூட்டத்தில் இருந்த நான்கைந்து பேரிடம் அவர்கள் காதால் கேட்டதை அவரவர் வார்த்தையில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். யாராவது கைபேசியில் பதிவு செய்திருந்தால் அழிக்கவிடாதீர்கள். மீட்டர் அளவு, பழைய பில்கள், எழுதிக் கொடுத்த மூன்று கடிதங்களின் நகல், எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். முதலில் கவுன்சிலருக்குக் கடிதம்: சொன்னதைத் திரும்பப் பெற்று, அதே கூட்டத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று. அதோடு டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகர மன்றத்தின் சபாநாயகருக்கு, கவுன்சிலர்களின் நடத்தை விதி மீறப்பட்டதாகப் புகார். நியாயமான சந்தேகம் இருந்தால் அவர் விசாரித்தே ஆக வேண்டும். எச்சரிக்கை, கண்டனம், அபராதம் மன்றமே விதிக்கலாம். இடைநீக்கமும் பதவி நீக்கமும் மாகாண அமைச்சர் கையில். அதே நடத்தை விதியில், கவுன்சிலர் தன் சொந்த வரி, தண்ணீர், மின் கட்டணத்தை மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்றும் இருக்கிறது.

மன்னிப்பு வராவிட்டால் நீதிமன்றம். சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள், அவதூறு வழக்கை அங்கே எடுக்கமாட்டார்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் எடுக்கும். மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், ஆனால் சாட்சிகளின் நினைவு அவ்வளவு நாள் தாங்காது. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தில் முதலில் கேளுங்கள்.

கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஆனால் அனுப்புவதற்கு முன் மாமாவிடம் தமிழில் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும்.